நெல் கிடங்குக்கு எதிரே வாசித்த பத்தி

வானொலியில் வாசிக்கப் பழகும் உங்களிடம் உச்சரிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ழகரமும் ளகரமும் உங்களுக்கு நன்றாகவே வருகின்றன; காலையில் நீங்கள் ஒவ்வொருவராக வாசித்தபோது பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மூச்சை எங்கே எடுப்பது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்பதையெல்லாம் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பிறர் எழுதியதை நம் குரலில் வாசிப்பதுதான் நம் வேலை. அந்த வேலையில் எனக்கு நேர்ந்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் வானொலிக்கு வருவதற்கு முன்னால், திருத்தணியில் நடந்தது.

யுத்த காலத்தில் அரசாங்கம் பிரசார வண்டிகளை ஊர் ஊராக அனுப்பியது. பெட்டி மாதிரி மூடிய வண்டி. மேலே புனல் வடிவத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள். பின்னால் மின்சாரம் எடுக்க ஒரு பெட்ரோல் மோட்டார். கொஞ்ச நேரம் இசைத்தட்டு வைப்போம். கூட்டம் சேர்ந்ததும் நான் மைக்கை எடுத்து, சென்னையிலிருந்து வந்த உரையை வாசிப்பேன். ஏன் யுத்தம், எதிரி எவ்வளவு கொடியவன், நம் அரசாங்கம் எதற்காகப் போராடுகிறது என்பதுதான் எல்லா உரையும். வண்டியை ஓட்டியவர் அரக்கோணத்துக்காரர், காதர் பாய். மோட்டார், ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு. நான் வெறும் குரல்.

எனக்கு வேலை கொடுத்த அதிகாரி சென்னையில் இருந்தார். நல்ல தமிழறிவு உள்ளவர். உரைகளை ஆங்கிலத்திலிருந்து அவர்தான் தமிழில் எழுதுவார். முதல் நாள் என்னிடம், "காகிதத்தைப் பார்த்து வாசிக்காதே. முன்கூட்டியே மனப்பாடம் பண்ணிக்கொள். வாசிக்கும்போது ஜனங்களின் முகத்தைப் பார். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று முகம் சொல்லும்" என்றார். அந்தப் புத்திமதிக்காக இன்றும் அவரை மதிக்கிறேன். பின்னால் நடந்ததற்காக அவரை என்ன செய்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையனே வெளியேறு என்ற ஆகஸ்ட் போராட்டம் அடங்கிய சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு கிருத்திகையன்று திருத்தணிக்குப் போனோம். கூட்டம் கூடுவதற்குத் தடை இருந்த நேரம். சாமி கும்பிட மலையேறலாம், இறங்கலாம்; தெருவில் நாலு பேர் நின்று பேசினால் தடியடி. எங்கள் வண்டியைச் சுற்றி மட்டும் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். அது அரசாங்கக் கூட்டம்.

நாங்கள் வழக்கமாக நிற்கும் குளக்கரைக்குப் போகும்போதே ஒரு காவலர் வந்து வேறு இடம் காட்டினார். மலையடிவாரத்தில் ஒரு பொட்டல். அதன் ஓரத்தில் சன்னல் இல்லாத பழைய நெல் கிடங்கு. யுத்தத்துக்காக நெல்லையெல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகு அது காலியாகக் கிடந்தது. தந்திக் கம்பி அறுத்தவர்களைத் தேடி வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு சிறப்புப் படை இப்போது அதில் தங்கியிருந்தது. படையின் தலைவர் என்னைத் தேடி வந்து கைகுலுக்கினார். மெலிந்த ஆள், மிகவும் மென்மையான பேச்சு.

"உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நல்ல குரலாமே. வண்டிய இங்கேயே நிறுத்திக்குங்க. புனல கிடங்கு பக்கமா ஒண்ணு, ஊர் பக்கமா ஒண்ணு திருப்பி வைங்க. கொஞ்சம் பலமாவே இருக்கட்டும்" என்றார்.

காதர் பாய் புனலைத் திருப்பினார். ஆளே இல்லாத பக்கம் எதற்கு ஒரு புனல் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரம். மலையிலிருந்து இறங்கியவர்கள் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. நான் பேசியது மலையில் மோதி, ஒரு சொல் தள்ளித் திரும்பி வந்தது. என் குரலையே வேறு யாரோ பின்னாலிருந்து சொல்வதுபோல இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாசித்தேன்.

உரையின் நடுவில் ஒரு பத்தி உண்டு. பல ஊர்களில் வாசித்தது. அந்த இடத்தில் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள், ஆண்கள் "அடப்பாவி" என்பார்கள். அது இப்படி:

"எதிரி பிடித்துக்கொண்ட ஊர்களில், கடைக்குப் போனவனையும் வழியில் மடக்கிக் கொண்டுபோகிறார்கள். வெளிச்சம் நுழையாத கட்டடத்தில் அடைக்கிறார்கள். கைகளைப் பின்னால் கட்டி, கட்டிய கயிற்றாலேயே உத்தரத்தில் தூக்குகிறார்கள். மயங்கினால் தண்ணீர் ஊற்றித் தெளியவைக்கிறார்கள். பிறகு விரல்களுக்கு வருகிறார்கள். வீட்டார் வந்து கேட்டால், அப்படி ஒருவன் இங்கே இல்லை என்கிறார்கள். ஒவ்வொரு மனித உயிரும் விலைமதிப்பற்றது என்று நம்புகிற நம் அரசாங்கம், இந்தக் கொடுமையை உலகத்திலிருந்து ஒழிக்கவே ஆயுதம் எடுத்திருக்கிறது."

அன்று யாரும் உச்சுக் கொட்டவில்லை. யாரும் அசையவில்லை. நான் முகங்களைப் பார்த்தேன். ஒரு முகமும் என் பக்கம் இல்லை. அத்தனை பேரும் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கைகளைப் பின்னால் கட்டி" என்றதும் ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "விரல்களுக்கு" என்றபோது முன்வரிசையில் இருந்த ஒருத்தி தன் இரண்டு கைகளையும் மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் கிடங்கு இருந்தது. வேறொன்றும் இல்லை.

உரை முடிந்ததும் கைதட்டல் இல்லை. எழுந்து கலைந்து போனார்கள், துக்க வீட்டிலிருந்து போவதுபோல, ஒருவரோடு ஒருவர் பேசாமல். முன்வரிசையில் இருந்தவள் மட்டும் போகாமல் வண்டிக்கு அருகே வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சேலையில் பாவுக்குப் போடும் கஞ்சியின் வாடை இருந்தது. நெசவுக் குடும்பம் என்று தெரிந்தது.

"அய்யா, உள்ள போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றாள்.

"எதற்குள்ளே, அம்மா?"

"இப்ப சொன்னீங்களே. கட்டித் தூக்கறாங்கன்னு. எங்கூட்டுக்காரரத்தானே சொன்னீங்க? உசுரோட கீறாரா?"

"இல்லையம்மா. அது எங்கோ தூர தேசத்தில், எதிரிகள் பிடித்த ஊரில் நடப்பது. அரசாங்கம் எழுதி அனுப்பியது" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. நான் பயந்துபோய் மறைக்கிறேன் என்று நினைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் யாருக்கும் சொல்லமாட்டேங்க. அம்மையார்குப்பத்துல எங்க வூடு. அரக்கோணம் சந்தைக்கு லுங்கி எடுத்துக்கினு போனவரு, டேசன்ல இறங்கும்போது இட்டுக்கினு போயிட்டாங்க. இங்க வந்து கேட்டா, அப்பிடி ஆளே இல்லன்றாங்க. நீங்க சொன்னீங்களே, அதே மாதிரிதான் சொன்னாங்க, அதே வார்த்த. தண்ணி ஊத்தறாங்கன்னு வேற சொன்னீங்க. நேத்து சாயங்காலம் கிணத்துலேர்ந்து குடம் குடமா உள்ள போச்சிங்க. நான் பாத்தேன்."

காதர் பாய் மோட்டாரை அணைத்துவிட்டு எங்கள் அருகே வந்து நின்றிருந்தார். அவர் அவளிடம் மெதுவாக, "சத்தம் எதுனா கேட்டியாம்மா?" என்றார்.

"தெனமும் கேக்குங்க. சாயங்காலந்தான். இன்னிக்கி மட்டும் கேக்கல. உங்க சத்தந்தான் கேட்டுச்சி."

அப்போதுதான் காதர் பாய் அண்ணாந்து, கிடங்கைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த புனலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் பெயர் முனியம்மா. புருஷன் பெயரைக் கேட்டேன். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். "காஞ்சிபுரத்து சாமி பேரு" என்று மட்டும் சொன்னாள். ஏகாம்பரம் என்று புரிந்துகொண்டேன்.

மறுநாள் நாங்கள் சோளிங்கர் போக வேண்டும். காலையிலேயே படைத் தலைவர் ஆள் அனுப்பினார். போனேன். கிடங்கின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். எனக்குத் தேநீர் வரவழைத்தார். உள்ளேயிருந்து பழைய நெல்லின் மக்கல் வாடையும், அதோடு ஈரத் தரையின் வாடையும் வந்தன. கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. ஒரு குரல்கூட இல்லை. அத்தனை பெரிய கூரையில் ஒரு புறாவாவது அடைந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை.

"நேத்து பிரமாதம்" என்றார். "குறிப்பா அந்தக் கொடுமையைப் பத்தின பகுதி. ஜனங்க எவ்வளவு அமைதியா கேட்டாங்க, பாத்தீங்களா? மனுஷனுக்கு மனுஷன் இப்படியும் செய்வானான்னு எனக்கே கண் கலங்கிடுச்சு. இன்னிக்கும் இருந்து வாசிச்சிட்டுப் போங்க. மேலிடத்துக்கு நான் தந்தி கொடுத்துட்டேன். இன்னும் கொஞ்சம் பலமா வைங்க."

அவர் நடிக்கவில்லை. நான் இன்றுவரை யோசித்துப் பார்த்துவிட்டேன், அவர் உண்மையாகவே கண் கலங்கியிருக்கிறார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

வண்டிக்குத் திரும்பியதும் காதர் பாய், "போயிடலாமா சார்? வண்டி ரிப்பேர்னு சொல்லிடறேன். நம்ம மேல ஒண்ணும் வராது" என்றார்.

போயிருந்தால் எங்கள் கை சுத்தமாக இருந்திருக்கும். என் குரல் அந்த வேலைக்குப் பயன்பட்டிருக்காது. ஆனால் நாங்கள் போய்விட்டால் அந்தப் பொட்டலில் ஒரு ஆள் நிற்க முடியாது. கிடங்கிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் அதைக் கேட்கச் சட்டப்படி ஒரு காதும் பக்கத்தில் இருக்காது. கூட்டம் கூட்ட அந்த ஊரில் உரிமை உள்ள ஒரே பொருள் எங்கள் வண்டிதான். மத்தியானம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வீரம் ஒன்றும் கிடையாது. கடைசியில், "இருப்போம் பாய்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கும் முழுதாகத் தெரியாது.

அன்று சாயங்காலம் கிருத்திகைக் கூட்டம் இல்லை. ஆனால் பொட்டல் நிறைந்தது. முனியம்மா போய் அம்மையார்குப்பத்தையே அழைத்து வந்திருந்தாள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள். ஆண்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நேற்று வந்தவர்களும் வந்தார்கள். காவலர்கள் கூட்டத்தைப் பார்த்துத் திருப்தியோடு ஓரமாக நின்றார்கள்.

இசைத்தட்டு முடிந்தது. மைக்கை எடுத்தேன். உரையின் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மலை என் சொற்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தி வந்தது. கடைக்குப் போனவனை மடக்குவது, வெளிச்சமில்லாத கட்டடம். "கைகளைப் பின்னால் கட்டி, கட்டிய கயிற்றாலேயே உத்தரத்தில் தூக்குகிறார்கள்" என்றேன். நிறுத்தினேன்.

மலை "தூக்குகிறார்கள்" என்றது. பிறகு அதுவும் நின்றது.

மோட்டாரின் இரைச்சல் மட்டும் இருந்தது. காதர் பாயிடம் நான் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். குனிந்து மோட்டாரை அணைத்தார்.

அந்த அமைதிக்குள் அது வந்தது. அலறல் என்று சொல்லமாட்டேன். அலறுவதற்கு மூச்சு வேண்டும். மாடு கன்று போடும்போது ஒரு சத்தம் வருமே, அதுபோல நீளமாக, தாழ்வாக. கிடங்கிலிருந்து வந்து எங்கள் தலைக்கு மேலே போய், மலையில் பட்டுத் திரும்பி வந்தது. உள்ளே ஒருவர், மலையில் ஒருவர் என்று இரண்டு பேர் மாறி மாறி முனகுவதுபோல.

ஒரு காவலர் ஓடி வந்தார். "படிங்க சார், படிங்க! ஏன் நிறுத்தினீங்க?" என்றார். இன்னொருவர் மோட்டாரிடம் போனார். காதர் பாய் அதற்கு முன்னால் நின்றுகொண்டு, "சூடாயிடுச்சி சாமி, தொடாதீங்க, வெடிச்சிடும்" என்றார்.

முனியம்மா எழுந்து நின்றாள். கிடங்கைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து, "ஏகாம்பரம்!" என்று கூப்பிட்டாள்.

அவள் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தாலி கட்டின நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மலையும் கூப்பிட்டது.

உள்ளேயிருந்து, "ஆங்" என்று கேட்டது.

அவ்வளவுதான். வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்வதுபோல ஒரு "ஆங்". அப்படி ஒருவன் இங்கே இல்லை என்று சொல்லப்பட்டவன் கொடுத்த பதில். ஜனங்கள் எழுந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை, கல் எடுக்கவில்லை. நடந்து போய்க் கிடங்கின் கதவுக்கு முன்னால் மறுபடியும் உட்கார்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டில் காணாமல்போனவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சில பெயர்களுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது. சில பெயர்களை மலை மட்டும் திருப்பிச் சொன்னது.

படைத் தலைவர் வெளியே வந்தார். அடிக்க உத்தரவு கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், ஏதோ நம்பிக்கைத் துரோகம் செய்தவனைப் பார்ப்பதுபோல. இருட்டுவதற்குள் தாசில்தார் வந்தார், ஒரு டாக்டரும் வந்தார். ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்ட பிறகு யாரையும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. உள்ளே இருந்தவர்களைக் கட்டில்களில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏகாம்பரம் பிழைத்தார். வழக்கே இல்லாமல் சில மாதம் சிறையில் வைத்துவிட்டு அனுப்பினார்கள். மலை மட்டும் பதில் சொன்ன பெயர்களைப் பற்றி யாரும் எப்போதும் எதுவும் சொல்லவில்லை.

சென்னைக்கு அழைத்து விசாரித்தார்கள். விசாரித்தவர் எனக்குப் புத்திமதி சொன்ன அதே அதிகாரி.

"நீ உரையை மாற்றவில்லை. அதிகப்படியாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்படியானால் ஏன் நிறுத்தினாய்?"

"ஜனங்களின் முகத்தைப் பார்த்தேன் சார்" என்றேன். பிறகு, இரண்டு நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அந்தப் பத்தியில் இருக்கிற விவரமெல்லாம் எங்கிருந்து வந்தது, சார்? ஆங்கிலத்தில் அப்படியேவா இருந்தது?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆங்கிலத்தில், சொல்ல முடியாத கொடுமைகள் என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அது தமிழில் உறைக்கவில்லை. என் மைத்துனர் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பொதுவாக என்னென்ன செய்வார்கள் என்று அவரிடம் கேட்டு எழுதினேன்" என்றார்.

அடுத்த வாரம் எல்லா வண்டிகளுக்கும் உத்தரவு போனது. கிடங்குகளைப் பற்றியல்ல. ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்வதால் அந்தப் பத்தியை மட்டும் நீக்கிவிட வேண்டும் என்று. ஒவ்வொரு மனித உயிரும் விலைமதிப்பற்றது என்ற வாக்கியத்தை நீக்கவில்லை. அது அப்படியே இருந்தது.

எனக்கு வண்டி வேலை போயிற்று. பிறகு சுற்றி வளைத்து வானொலிக்கு வந்தேன். கொடி மாறியது. புதிய அரசாங்கத்தின் அறிக்கைகளையும் நான்தான் வாசித்தேன். காவலில் இருந்தவர் நெஞ்சு வலியால் இறந்தார் என்று ஒரு செய்தியும், மனித உயிரின் மாண்பைப் பற்றி ஓர் உரையும் ஒரே மாலையில் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் நல்ல தமிழில் இருந்தன. நம் தொழிலில் அதுதான் ஆபத்து. நல்ல வாக்கியம் நாக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனவன், அம்மையார்குப்பத்துக்கும் போனேன். முனியம்மா தறியில் இருந்தாள். ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் அறுந்தால் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. தோளுக்கு மேலே கை போகாது. நான் யாரென்று முனியம்மா சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வாங்க" என்று அவர் அழைக்க, நான் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியதுமே அவர் முகம் வெளிறிவிட்டது.

பிறகு பேசினார்.

"உங்க கொரலு எனக்கு நல்லாத் தெரியுங்க. உள்ள அதுதானே கேட்டுக்கினு இருந்துச்சி. கையப் பின்னால கட்டின்னீங்க, கட்டினாங்க. தூக்குன்னீங்க, தூக்கினாங்க. தண்ணின்னீங்க, ஊத்தினாங்க. வெளிய ஒரு பெரிய அதிகாரி நின்னுகினு, ஒண்ணொண்ணா உத்தரவு போட்டுக்கினு கீறாருன்னு நெனச்சேன்."

முனியம்மா தறியை நிறுத்திவிட்டாள்.

"மறுநாளு பாதியில நின்னுட்டீங்க" என்றார். "அவங்களும் நின்னுட்டாங்க. அடுத்தது இன்னா பண்றதுன்னு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினாங்க. எழுதினது அத்தோட முடிஞ்சி போச்சிங்களா, இல்ல நீங்களாத்தான் நிறுத்தினீங்களா?"

"நானாகத்தான் நிறுத்தினேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. பல வருஷமாகத் தெரிந்துகொள்ள நினைத்த ஒன்றைத் தெரிந்துகொண்டவர்போல இருந்தார்.

"அப்ப மொத நாளே நிறுத்தியிருக்கலாமே" என்றார்.

"அவருக்கு எப்பிடித் தெரியும்? அவரு வெளியூரு" என்றாள் முனியம்மா.

"ஆங், அதுவும் சரிதான்" என்று அவர் ஒப்புக்கொண்டார். பிறகு மணிக்கட்டுகளுக்கு நடுவே சொம்பை இடுக்கி எடுத்து, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று என்னிடம் நீட்டினார்.